திரும்பி வர ஒரு முகவரி
சிறை மீண்டோரும் மலாக்கா தோட்டத் தமிழரும்

மலாக்கா நகரிலிருந்து கடலோரமாக மெர்லிமாவ் பக்கம் போகிற சாலையில் தெலுக் மாஸ், பெர்னு, உம்பாய் என்று அடுத்தடுத்து ஊர்கள் வரும். வார இறுதி மாலைகளில் அந்தச் சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். பெர்னுவிலும் உம்பாயிலும் சுட்ட மீன் சாப்பிடப் போகிற கூட்டம் அது. போகிற வழியில் தெலுக் மாஸில் ஹென்றி கர்னி பள்ளி இருக்கிறது. பெயர்தான் பள்ளி, நடத்துவது மலேசியச் சிறைத்துறை. குற்றம் செய்த இளையோரை முதிர்ந்த கைதிகளோடு சேர்க்காமல் தனியே வைத்துத் திருத்தலாம் என்று, இங்கிலாந்தின் போர்ஸ்டல் முறையைப் பார்த்துக் காலனி ஆட்சி உருவாக்கிய இடம். 1951 அக்டோபரில் பிரேசர் மலைச் சாலையில் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து சுட்டுக் கொன்ற பிரிட்டிஷ் ஹைகமிஷனரின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, 14 வயது நிரம்பிய பையன் சிறைத்தண்டனைக்குரிய குற்றம் செய்து, பெற்றோரால் இனி இவனைக் கட்டுப்படுத்த முடியாது என்று நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையும் சொன்னால், நீதிமன்றம் அவனை 3 ஆண்டுக்கு இங்கே அனுப்பலாம். உள்ளே தொழிற்பயிற்சி உண்டு. எஸ்.பி.எம். தேர்வும் எழுதலாம். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். அந்த 3 ஆண்டு முடிந்த மறுநாள் அவன் எங்கே போவான் என்ற கேள்விக்குத்தான் நம்மிடம் விடை இல்லை.

குற்றவாளியைத் திருத்துவது பற்றி நம் நாட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. பேச்செல்லாம் அவன் உள்ளே இருக்கும் காலத்தைப் பற்றியது. பட்டறை, பக்தி வகுப்பு, தன்முனைப்புச் சொற்பொழிவு. வெளியே வரும்போது அவனை வாங்கிக்கொள்ளும் கை எது? மலாக்கா தமிழரைப் பொறுத்தவரை அந்தக் கை ஒரு காலத்தில் இருந்தது, பிறகு இல்லாமல் போனது என்பதே என் வாதம். அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

மலாக்காவில் இந்தியர்களும் சிறையும் என்ற கதை தோட்டங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. மதராஸ், வங்காளம், பம்பாய் மாகாணங்களில் தண்டிக்கப்பட்டவர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிப் பினாங்குக்கும், பின்னர் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் கொண்டுவந்தது. சாலை போட்டார்கள், காடு வெட்டினார்கள், செங்கல் சுட்டார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையும் அவர்கள் உழைப்பு. சிங்கப்பூர்க் கைதிகளுக்குப் பொறுப்பாயிருந்த ஜே.எஃப்.ஏ. மக்நாயர் 1899-இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கைதிகளே தங்களுக்குக் காவலர்கள் என்பது அதன் தலைப்பு. மலாக்கா கைதிக் குடியிருப்பின் வரலாறும் அதில் சுருக்கமாக வருகிறது.

அந்த ஏற்பாட்டில் கைதிகளுக்கு 6 வகுப்புகள் இருந்தன. கீழ்நிலையில் விலங்கோடு கடும் வேலை. நடத்தை நன்றாயிருந்தால் ஆண்டுகள் போகப் போக விலங்கு கழலும், மற்றவர்களை மேய்க்கும் பொறுப்பு வரும். முதல் வகுப்புக்கு உயர்ந்தவனுக்கு விடுப்புச் சீட்டு கிடைக்கும். சீட்டு வாங்கியவன் ஊருக்குள் குடியேறி, சொந்தமாகப் பிழைத்துக்கொள்ளலாம். குறித்த நாளில் வந்து தலைகாட்டினால் போதும். மாடு வளர்த்தும் வண்டி ஓட்டியும் வாழ்ந்தவர்கள் உண்டு, அங்கேயே மணம் முடித்துக் குடும்பமானவர்கள் உண்டு. 1873-இல் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

இது கருணையால் பிறந்த ஏற்பாடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கம்பெனிக்கு வேண்டியது கூலியில்லா உழைப்பு. ஆனாலும் ஒன்றை அவர்கள் செய்தார்கள்: சிறைக்கும் ஊருக்கும் நடுவே படி கட்டினார்கள். கைதி ஒரே நாளில் சுவருக்கு வெளியே தள்ளப்படவில்லை. மலேசியா பரோல் முறையைச் சட்டமாக்கியது 2008-இல்தான். ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி.

அதற்கிடையில் ரப்பர் வந்தது. டான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாயாவின் வணிக ரப்பர் மலாக்காவில் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டங்கள் பெருகின. லயத்து வீடுகள், நடுவில் மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு கள்ளுக்கடை, மேலே துரை, கீழே கிராணியும் தண்டலும். மூன்று தலைமுறைத் தமிழர்களுக்கு உலகம் அவ்வளவுதான்.

அந்தத் தோட்டத்தில் ஒருவன் 'உள்ளே போய்' வந்தால் என்ன ஆகும்? கதை அழகானதல்ல. வீடு நிறுவனத்துடையது, வேலை போனால் வீடும் போகும். சாதியும் கடனும் கள்ளும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்திருந்தன. தண்டலுக்குப் பிடிக்காதவன் பிழைக்க முடியாது. ஆனால் அதே லயத்தில் அம்மாவோ அண்ணனோ இருப்பார்கள். ராத்திரி படுக்க ஒரு திண்ணை கிடைக்கும். பால் வெட்டு கொடுக்காவிட்டாலும் புல் வெட்டவோ மருந்தடிக்கவோ வெளிக்காட்டு வேலைக்குக் கூப்பிடுவார்கள். அவன் என்ன செய்தான், எத்தனை மாதம் இருந்தான் என்பது எல்லாருக்கும் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் முறைப்பார்கள், பிறகு திருவிழாவுக்குக் காவடி கட்ட ஆள் வேண்டும் என்று அவனையும் கூப்பிடுவார்கள். இதற்கு மறுவாழ்வுத் திட்டம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

1950-களின் பிற்பகுதியிலிருந்து தோட்டத் துண்டாடல் தொடங்கியது. பெரிய தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அந்த ஆளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வரத் தொடங்கினார்கள். மீதி நிலத்தில் தாமான் எனப்படும் குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. 1980-க்கும் 2000-க்கும் இடையில் நாடு முழுதும் 3 இலட்சம் அளவில் இந்தியர்கள் தோட்டங்களிலிருந்து பெயர்ந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்கள் நகர ஓரத்து மலிவு வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வந்து விழுந்தார்கள். தோட்டத்தோடு போனது வேலையும் வீடும் மட்டுமென்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். ஒருவன் தவறிப் போனால் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும் இடமும் அதோடு போனது.

இனி, இன்று விடுதலையாகும் ஒருவரின் மறுநாளுக்கு வருவோம். ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தாமானில் வளர்ந்த 32 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொள்ளைக் குற்றத்துக்கு 5 ஆண்டு. நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிந்து, 3 ஆண்டு 4 மாதத்தில் சுங்கை ஊடாங் சிறையின் வாசலுக்கு வருகிறார். கையில் கைதான நாளில் போட்டிருந்த சட்டை, அடையாள அட்டை, பட்டறையில் உழைத்ததற்கான சொற்பப் பணம். கைப்பேசி எண் எப்போதோ காலாவதியாகி வேறொருவருக்குப் போயிருக்கும். வங்கிக் கணக்கில் பணமே இருந்தாலும் எண் மாறியதால் கைப்பேசி வழி எடுக்க முடியாது; நேரில் போய் வரிசையில் நின்று கணக்கை உயிர்ப்பிக்கவேண்டும். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி 3 ஆண்டு தாண்டியிருந்தால் புதுப்பிக்க முடியாது. மறுபடி வகுப்பு, மறுபடி தேர்வு, மறுபடி கட்டணம். தாமானிலிருந்து தொழிற்பேட்டைக்குப் பேருந்து கிடையாது. மோட்டார் இல்லாமல் வேலை இல்லை, உரிமம் இல்லாமல் மோட்டார் இல்லை. அம்மா இறந்துவிட்டார். அண்ணனின் வீடு இரண்டு அறை. அண்ணிக்கு மூன்று பிள்ளைகள். முதல் ராத்திரி எங்கே?

இந்த முதல் நாட்களைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் செய்த ஓர் ஆய்வு சான்று. 2007-இல் வெளியானது. விடுதலையான முதல் 2 வாரங்களில் சிறை மீண்டவர்கள் இறக்கும் வாய்ப்பு, அதே வயதுப் பொதுமக்களைவிட ஏறத்தாழ 13 மடங்கு இருந்தது. முதன்மைக் காரணம் போதைப்பொருள். உள்ளே இருந்த காலத்தில் உடல் தாங்கும் அளவு குறைந்திருக்கும். வெளியே வந்து பழைய அளவையே எடுப்பார்கள். நம் சிறைகளிலும் பெரும்பகுதியினர் போதைப்பொருள் வழக்கில் வந்தவர்கள். ஆகவே முதல் இரவு எங்கே என்பது உயிர்க் கேள்வியும்கூட.

பரோல் இதற்கு விடை தர வந்ததுதான். ஓராண்டுக்குக் குறையாத தண்டனை பெற்று, அதில் பாதியை முடித்தவர், சட்டம் விலக்கிவைத்துள்ள கடுங்குற்றங்களில் சிக்காதவராக இருந்தால், பரோல் வாரியம் அவரை வெளியே விடலாம். பரோல் அதிகாரி கண்காணிப்பார்; குறித்த முகவரியில் தங்கவேண்டும், வேலைக்குப் போகவேண்டும், அனுமதியின்றி வட்டாரத்தைவிட்டு வெளியேறக் கூடாது. 2011-இல் இராணுவத்தோடு கூட்டுச் சேர்ந்து முகாம்களுக்குள் மறுவாழ்வுத் திட்டம் வந்தது. பின்னர் 1995-ஆம் ஆண்டுச் சிறைச்சட்டத்தின் 43-ஆம் பிரிவின்கீழ் உரிம விடுதலையும் வந்தது. 2030-க்குள் கைதிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சமூகத்துக்குள்ளேயே மறுவாழ்வு அளிப்பது அரசின் இலக்கு. சிறைகள் கொள்ளளவை மீறி நிரம்பி வழிவதும் இதற்கு ஒரு காரணம் என்பதை அரசே மறைப்பதில்லை.

பரோலில் போனவர்களில் மீண்டும் குற்றம் செய்தவர்கள் 100-க்கு 1-க்கும் குறைவு என்று சிறைத்துறை அதிகாரிகள் அடிக்கடி சொல்கிறார்கள். சாதனைதான். ஆனால் இந்த எண்ணைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கவேண்டும். பரோலுக்குப் பொறுக்கி எடுக்கப்படுபவர்கள் ஏற்கெனவே நம்பகமானவர்கள். வீடு இருப்பவர்கள், ஏற்றுக்கொள்ளக் குடும்பம் இருப்பவர்கள், அக்கம்பக்கத்தார் எதிர்க்காதவர்கள். அதிகாரி முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிறார். நம் 32 வயதுக்காரரின் அண்ணி, "இங்க வேணாம் சார், பொம்பளப் புள்ளைங்க இருக்குதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய கோப்பு அங்கேயே நின்றுவிடும். அண்ணியைக் குறை சொல்லவும் முடியாது. 5 ஆண்டுத் தண்டனையில் இரண்டரை ஆண்டில் பரோலில் வந்திருக்க வேண்டியவர், மேலும் 10 மாதம் உள்ளேயே இருந்துவிட்டு, கண்காணிப்பும் இல்லாமல் உதவியும் இல்லாமல் வெளியே வருகிறார். யாருக்குத் துணை அதிகம் தேவையோ அவருக்கு அது கிடைப்பதில்லை. முகவரி இருப்பவனுக்குப் பரோல். முகவரி இல்லாதவனுக்கு வாசல்.

சிங்கப்பூர் இதில் வேறு பாதை பிடித்தது. 1998-இல் விடுதலையானவர்களில் 2 ஆண்டுக்குள் மீண்டும் சிறை புகுந்தவர்கள் 100-க்கு 44 பேர். 2000-இல் சிறைத்துறை, சமூக அமைப்புகள், வேலை தேடித்தரும் அமைப்பு ஆகியவற்றை ஒரே வலைப்பின்னலில் கொண்டுவந்தார்கள். 2004-இல் மஞ்சள் ரிப்பன் இயக்கம் தொடங்கியது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, மீண்டும் குற்றத்தில் விழும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கே கட்டாயப் பின்பராமரிப்பை வைத்தார்கள். அண்மை ஆண்டுகளில் அந்த 44 ஏறத்தாழ 20-க்கும் 22-க்கும் இடையில் வந்து நிற்கிறது. சிறிய நாடு, பணமுள்ள நாடு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 'யார் சிக்கலானவரோ அவருக்கு முதலில்' என்று வரிசையைத் திருப்பிப்போட்டதற்குப் பணம் காரணமில்லை.

வேலைப் பக்கம் வருவோம். தோட்டத்தைவிட்டு வந்த தமிழ் ஆண்கள் பெரும்பாலும் நம்பிய வேலைகள் லோரி ஓட்டுவது, பாதுகாவலர், தொழிற்சாலை, துப்புரவு. பாதுகாவலர் வேலைக்குப் பின்னணிச் சோதனை உண்டு. தண்டனை பெற்றவருக்கு அந்தக் கதவு மூடியது. கிராப் போன்ற வாடகைக் கார் ஓட்டவும் சோதனை உண்டு. ஒரு காவலாளிக் குடிலில் 12 மணி நேரம் உட்கார்ந்திருக்கக்கூட அவருக்குத் தகுதியில்லை.

டேவா பேஜர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் செய்த சோதனை 2003-இல் வெளியானது. ஒரே தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். சிலர் சிறை சென்று வந்ததாகச் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. சிறைக் கறை இல்லாத வெள்ளையர்களில் 100-க்கு 34 பேரை மறுபடி கூப்பிட்டார்கள். கறை உள்ள வெள்ளையர்களில் 17. கறுப்பர்களில் கறை இல்லாதவர் 14, உள்ளவர் 5. கறை இல்லாத கறுப்பரைவிடக் கறையுள்ள வெள்ளையருக்கு வேலை எளிதாகக் கிடைத்தது. இந்த நாட்டில் வாடகை வீட்டு விளம்பரத்தில் இந்தியர் வேண்டாம் என்று எழுதியதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிறை மீண்ட தமிழர் இரண்டு சுமையோடு நேர்காணலுக்குப் போகிறார்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. முன்னாள் கைதிகளையும் பரோலில் இருப்பவர்களையும் முன்னாள் போதைப்பித்தர்களையும் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளத்தில் அமர்த்தும் முதலாளிக்கு, அந்தச் சம்பளத்தை வருமான வரியில் கூடுதலாகக் கழித்துக்கொள்ளும் சலுகை 2019-ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் வந்தது. நல்ல ஏற்பாடு, ஆனால் வரிச்சலுகையைப் பற்றித் தெரிந்த கணக்காய்வாளர் பெரிய நிறுவனத்தில்தான் இருப்பார். மெர்லிமாவில் இரண்டு லோரி வைத்திருக்கும் தமிழ்க் குத்தகையாளருக்கு இதை யார் சொன்னது? சிறை மீண்டவரை உண்மையில் வேலைக்கு வைக்கக்கூடியவர் அவர்தான்.

பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு விந்தையும் நடந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு நின்றுபோய், செம்பனைக் குலைகள் மரத்திலேயே அழுகத் தொடங்கியபோது, தோட்ட நிறுவனங்கள் சிறை மீண்டோரையும் பரோலில் உள்ளோரையும் வேலைக்குத் தேடின. ஆள் வேண்டாம் என்று தமிழரைத் தோட்டத்தைவிட்டு அனுப்பிய தொழில், அவர்கள் பிள்ளைகளைச் சிறை வழியாகத் திரும்பக் கூப்பிட்டது. வீடும் வேலையும் சேர்ந்தே கிடைக்கும் என்பதால் சிலருக்கு அது நல்ல தொடக்கமாகலாம். ஆனால் மற்றவர்கள் செய்ய மறுக்கும் வேலைக்கு மட்டும் கைதி நினைவுக்கு வருவதை மறுவாழ்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

எதுவும் கூப்பிடாதபோது கூப்பிடும் அமைப்பு ஒன்று உண்டு. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என்று எண்களாலேயே அறியப்பட்டவை பல. உறுப்பினர்கள் ஏறத்தாழ 40,000 என்றும், அவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர்கள் என்றும் அமைச்சு சொன்னது. மக்கள்தொகையில் 7 விழுக்காடுகூட இல்லாத சமூகம். யாரை உறுப்பினர் என்று போலீஸ் எப்படி எண்ணியது என்று கேட்கலாம், கேட்கவேண்டும். ஆனால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் நிம்மதிக்கு இடமில்லை. கும்பல் என்ன செய்கிறது என்று பாருங்கள்: கைதானால் வக்கீல் பிடிக்கிறது, உள்ளே இருக்கும்போது வீட்டுக்குப் பணம் அனுப்புகிறது, வெளியே வரும் நாளில் வாசலில் காரோடு நிற்கிறது, செத்தால் கொடியோடு ஊர்வலம் விடுகிறது. தோட்டம் செய்த வேலையைத்தான் அது செய்கிறது. கேட்கும் விலை வேறு.

இதற்குச் சட்டம் கண்ட மருந்துகளில் ஒன்று நோயைவிட மோசம். 1959-ஆம் ஆண்டுக் குற்றத்தடுப்புச் சட்டம் 2013-இல் திருத்தப்பட்டு, விசாரணையின்றி 2 ஆண்டுத் தடுப்புக் காவலுக்கு வழி செய்தது. கூடவே, ஒருவரைத் தன் ஊரைவிட்டு வேறொரு வட்டாரத்தில் இருக்கும்படி கட்டளையிடலாம். 'புவாங் டாயிரா' என்று எல்லாரும் மலாயிலேயே சொல்வது. ஜாசின்காரரைக் கிளந்தானில் கொண்டுபோய் வைத்தால் கும்பலிலிருந்து பிரிப்பதாக எண்ணம். அம்மா, மனைவி, பிள்ளை, தெரிந்த முதலாளி எல்லாரிடமிருந்தும் அது பிரிக்கிறது. கும்பலுக்கு எல்லா ஊரிலும் கிளை உண்டு, குடும்பத்துக்கு இல்லை.

குற்றவாளிகள் எப்படிக் குற்றத்தைக் கைவிடுகிறார்கள் என்று நீண்டகாலம் ஆராய்ந்தவர்கள் ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாபும். பாஸ்டனில் 1940-களில் சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 பையன்களின் வாழ்க்கையை முதுமை வரை பின்தொடர்ந்தார்கள். பெரும் அறிவுரையோ பெரும் தண்டனையோ அவர்களை மாற்றியதாகத் தெரியவில்லை. நிலையான வேலை, நல்ல மனைவி, இராணுவச் சேவை, இவையே திருப்புமுனைகள். அதாவது, ராத்திரி வீட்டுக்கு வரவில்லையென்றால் எங்கே போனாய் என்று கேட்க ஒருவர். இங்கிலாந்தின் லிவர்பூலில் முன்னாள் கைதிகளோடு பேசிய ஷாட் மருனா இன்னொன்றைக் கவனித்தார்: மீண்டவர்கள் தங்களால் பிறருக்குப் பயன் உண்டு என்று நம்பத் தொடங்கியவர்கள். தெலுக் மாஸ் பையன்களின் பாடத்திட்டத்தில் எஸ்.பி.எம். இருக்கிறது. அவர்களிடம் எங்கே போனாய் என்று கேட்கப்போகிறவர் யார் என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

சிறைக்கு உறவினர் வந்து பார்ப்பதே பாதி மருந்து. அமெரிக்காவின் மின்னசோட்டா சிறைத்துறை 16,000-க்கு மேற்பட்ட கைதிகளைப் பற்றி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருமுறையாவது பார்வையாளர் வந்தவர்கள் மீண்டும் தண்டனை பெறும் வாய்ப்பு 13 விழுக்காடு குறைந்திருந்தது.  

இவ்வளவு சொல்லும்போது எதிரே நிற்கும் ஒருவரை மறந்துவிடக் கூடாது. காலையில் கோயிலுக்குப் போகும் வழியில் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு மோட்டாரில் பறந்தார்களே, கழுத்தில் இன்னும் தழும்போடு இருக்கும் அந்த அம்மாவும் இதே தாமானில்தான் இருக்கிறார். பறந்தவர்களில் ஒருவன் திரும்பி வந்து மூலைக் கடையில் தேநீர் குடிப்பதை அவர் பார்க்கவேண்டும். சமூகம் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த அம்மாவிடம் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. அவரிடம் சொல்லாமல், அவர் பயத்துக்கு விடை தராமல் யாரையும் ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. திரும்பி வருபவர் யார் பொறுப்பில் இருக்கிறார், ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். தோட்டத்தில் அப்படித்தான் இருந்தது. எவன் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும்.

அரசு செய்யவேண்டியதில் ஒன்று மிகத் தெளிவானது: பழைய தண்டனைக்கு ஒரு முடிவு தேதி. பிரிட்டனில் 1974 முதலே சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட காலம் குற்றமின்றி வாழ்ந்தால் பழைய சிறு தண்டனையைச் சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூரில் 3 மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்று, 5 ஆண்டு ஒழுங்காக இருந்தால் பதிவு செல்லாததாகும். மலேசியாவில் அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. ஆனால் கூட்டரசு அரசியலமைப்பின் 48-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓராண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. ஆனால் அந்தத் தடை விடுதலையான நாளிலிருந்து 5 ஆண்டில் தீர்ந்துவிடும். சட்டம் இயற்ற 5 ஆண்டில் தகுதி திரும்புகிறது. கார் நிறுத்துமிடத்துக்குக் காவலிருக்க ஆயுளுக்கும் திரும்புவதில்லை. இந்த முரண்பாட்டைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேச நம் உறுப்பினர்களுக்கு என்ன தடை?

மீதி நம் கையில் இருக்கிறது. முஸ்லிம் கைதிக்கு வெளியே ஸகாத் நிதியின் வழி உதவி கேட்க ஒரு முகப்பாவது உண்டு. இந்துக் கைதிக்கும் கிறிஸ்தவக் கைதிக்கும் அதுபோல் நிலையான ஒன்றில்லை. இந்திய சமூக மேம்பாட்டுக்கென மித்ரா இருக்கிறது. ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு. அதில் ஒரு சிறு பங்கைச் சிறை மீண்டோரின் முதல் 3 மாத வாடகைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் என்று எழுதிவைத்தால் போதும், கருத்தரங்கு வேண்டாம். மணிமேகலையில் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை' என்று ஒரு காதையே இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு இலட்சக்கணக்கில் திரட்டும் நம் கோயில்கள், மண்டபத்தின் பின்னால் இரண்டு அறை ஒதுக்க முடியாதா?

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலையில் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தால் தோட்டத்துச் சமூகம் செத்துவிட்டது என்று சொல்லமாட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறது, அவ்வளவுதான். அங்கே வருகிற ஒவ்வொரு கோயில் நிர்வாகத்துக்கும், ஒவ்வொரு பழைய தோட்டத்து மக்கள் சங்கத்துக்கும், ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜாவில் தொழில் செய்யும் தமிழ்க் குத்தகையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேர்ந்து ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள்: தங்க இடம் தரக்கூடியவர் பெயர், வேலை தரக்கூடியவர் பெயர், பொறுப்பேற்றுப் பேசக்கூடிய மூத்தவர் பெயர். எத்தனை பெயர் தேறினாலும் சரி. அதை மாவட்டப் பரோல் அலுவலகத்திலும் தெலுக் மாஸ் பள்ளியிலும் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த கோப்பைத் திறக்கும் அதிகாரி, முகவரி என்ற இடத்தில் எழுத ஒன்று இருக்கட்டும்.